பெட்டகத்தில் கிடந்த அறிக்கை
அணுயுகத்தின் கதை – அத்தியாயம் 6

ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட கடிதத்தை 1939 அக்டோபர் 11 அன்று அலெக்ஸாண்டர் சாக்ஸ் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ரூஸ்வெல்ட் தன் உதவியாளர் ஜெனரல் வாட்சனை அழைத்து, இதில் நடவடிக்கை தேவை என்று சொன்னார். அரசாங்கம் வழக்கமாகச் செய்வதையே செய்தது. ஒரு குழு போட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு நாடுகளின் இரண்டு ஆலோசனைக் குழுக்கள் ஒரே கேள்வியை ஆராய்ந்தன: யுரேனியத்தைக் கொண்டு வெடிகுண்டு செய்ய முடியுமா? ஒரு குழு தயங்கித் தயங்கி நடந்தது. இன்னொன்று பதினைந்து மாதங்களில் முடிவைச் சொல்லிவிட்டுக் கலைந்தது. ஹிரோஷிமாவுக்கான பாதை இந்த இரண்டு குழுக்களின் மேசைகளில்தான் போடப்பட்டது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஆய்வுக்கூடங்களோடு கூட்ட அறைகளுக்கும் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆறாயிரம் டாலர்

அமெரிக்கக் குழுவின் பெயர் யுரேனிய ஆலோசனைக் குழு. தலைவர் லைமன் பிரிக்ஸ், தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் இயக்குநர். வேளாண்மைத் துறையில் மண் இயற்பியலில் பணியைத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 65. தரைப்படை சார்பில் கீத் ஆடம்சன், கடற்படை சார்பில் கில்பர்ட் ஹூவர். அக்டோபர் 21 அன்று வாஷிங்டனில் முதல் கூட்டம். ஸிலார்ட், விக்னர், டெல்லர் என்ற மூன்று ஹங்கேரிய இயற்பியலாளர்களும் சாக்ஸும் வந்திருந்தார்கள்.

ஸிலார்ட் விளக்கி முடித்ததும் ஆடம்சன் குறுக்கிட்டார். ஆபர்டீன் ஆயுதச் சோதனைத் திடலில் ஒரு ஆட்டைக் கட்டி வைத்திருப்பதாகவும், அதைச் சாவுக்கதிரால் கொன்று காட்டுபவருக்குப் பரிசு அறிவித்திருந்தும் இதுவரை யாரும் வந்து வாங்கவில்லை என்றும் சொன்னார். புதிய ஆயுதம் எதுவும் தேறுவதற்கு இரண்டு போர்கள் ஆகும்; போரில் வெல்வது வீரர்களின் மனஉறுதிதான் என்பது அவர் கட்சி. எப்போதும் மென்மையாகப் பேசும் விக்னர் அதற்கு அமைதியாகப் பதில் சொன்னார்: மனஉறுதிதான் முக்கியம் என்றால் ராணுவத்துக்கு ஏன் இவ்வளவு நிதி, அதைக் குறைத்துவிடலாமே. ஆடம்சனுக்குச் சுருக்கென்றது. சரி, உங்கள் பணம் கிடைக்கும் என்றார்.

கேட்ட பணம் 6,000 டாலர். கிராஃபைட் வாங்கிச் சோதனை செய்ய. அதுவும் 1940 பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தது. இடையில் நவம்பர் 1 தேதியிட்ட குழுவின் அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போனது. யுரேனியத் தொடர்வினை நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஆற்றல் தரலாம். வெடிக்கும் தன்மையுடையதாக அமைந்தால் இதுவரை அறியாத அழிவுச் சக்தி கிடைக்கலாம் என்று அதில் இருந்தது. தலைவர் பார்த்தார், கோப்பில் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று வாட்சனிடமிருந்து பதில் வந்தது. கோப்பு கோப்பாகவே இருந்தது.

பிரிக்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அன்று இயற்பியலாளர்களிலேயே பலர் குண்டு சாத்தியம் என்று நம்பவில்லை. இயற்கை யுரேனியத்தில் ஏறக்குறைய 140 அணுக்களுக்கு ஒன்றுதான் யுரேனியம்-235. மெதுவான நியூட்ரான்களால் எளிதில் பிளவுபடுவது அந்த ஒன்றுதான் என்று நீல்ஸ் போர் 1939லேயே சொல்லியிருந்தார். மற்றவை யுரேனியம்-238. இரண்டும் வேதியியலில் ஒரே தனிமம், அதன் இரண்டு ஐசோடோப்புகள். எந்த அமிலத்தாலும் பிரித்தெடுக்க முடியாது. பிரிக்காமல் குண்டு செய்வதானால் டன் கணக்கில் யுரேனியம் வேண்டும் என்ற கணக்குகள்தான் உலவின. அவ்வளவு பெரிய பொருளை விமானத்தில் ஏற்ற முடியாது. எனவே இது அடுத்த தலைமுறையின் கவலை என்று எல்லோரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் போர் ரகசியம் எதையும் தொடக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டிருந்த இரண்டு அகதிகள்.

பர்மிங்ஹாமில் இருவர்

ஓட்டோ ஃப்ரிஷ்ஷை இந்தத் தொடரில் முன்பே சந்தித்திருக்கிறோம். 1938 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஸ்வீடனில் தன் சித்தி லீஸ் மைட்னரோடு பனியில் நடந்தபடி, யுரேனிய அணு பிளந்திருக்கிறது என்று கண்டறிந்த அதே ஃப்ரிஷ்தான். 1939 கோடையில் கோபன்ஹேகனிலிருந்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், போர் வெடித்ததால் அங்கேயே தங்கிவிட்டார். பெர்லினில் பிறந்த யூதரான ருடால்ஃப் பையர்ல்ஸ் அங்கே பேராசிரியர். இயற்பியல் துறைத் தலைவர் ஆஸ்திரேலியரான மார்க் ஒலிஃபன்ட். அவர் துறையில் ராடாருக்கான வேலை இரவு பகலாக நடந்தது. எதிரி நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வேலையில் இடமில்லை. அணுப்பிளவுக்கும் போருக்கும் தொடர்பிருப்பதாக யாரும் நினைக்காததால், அதைப் பற்றி யோசிக்க இருவருக்கும் தடையில்லை.

ஒரு நாள் ஃப்ரிஷ் பையர்ல்ஸிடம் கேட்டார்: தூய யுரேனியம்-235 கொஞ்சம் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? தொடர்வினை தொடங்க எவ்வளவு பொருள் வேண்டும் என்பதற்கான சூத்திரத்தைப் பையர்ல்ஸ் முந்தைய ஆண்டே வகுத்திருந்தார். இயற்கை யுரேனியத்துக்குப் பதில் 235ஐ வைத்து எண்களைப் போட்டார்கள். டன் கணக்கில் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் விடை சுமார் 600 கிராம் என்று வந்தது. ஆரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு உருண்டை, உள்ளங்கையில் அடங்கும் அளவு.

அந்தக் கணக்கு பிழையானது. உறையில்லாத உருண்டைக்கு உண்மையில் ஏறக்குறைய 50 கிலோ வேண்டும். அணுக்கருவின் குறுக்குப் பரப்பு, அதாவது நியூட்ரான் அதில் மோதிப் பிளக்கும் வாய்ப்பின் அளவு, அப்போது சரியாக அளக்கப்படவில்லை. ஊகித்துப் போட்ட எண் பெரிதாக இருந்தது. ஆனாலும் சாரம் சரியாக இருந்தது. தேவைப்படுவது டன்கள் இல்லை, கிலோக்கள். ஐசோடோப்புகளைப் பிரிக்கச் சுமார் ஒரு லட்சம் குழாய்கள் வேண்டியிருக்கும் என்றும் கணக்கிட்டார்கள். போர்க்கப்பல் ஒன்று கட்டும் செலவு ஆனாலும் செய்யத்தக்கது என்று அவர்களுக்குத் தோன்றியது. ஜெர்மனியில் இதே கணக்கை யாரேனும் போட்டிருக்கக்கூடும் என்ற அச்சம் அவர்களை உந்தியது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அது வெறும் கற்பனை அச்சமாக இருக்க முடியாது.

1940 மார்ச்சில் இரண்டு பகுதிகளாகக் குறிப்பு ஒன்றை எழுதினார்கள். வெளியாள் கையில் கொடுக்க அஞ்சிப் பையர்ல்ஸே தட்டச்சு செய்தார். ஒரு பகுதியில் கணக்கு. மற்றதில் இந்த ஆயுதம் உலகில் என்ன செய்யும் என்ற எளிய விளக்கம். ஐந்து கிலோ குண்டு பல ஆயிரம் டன் டைனமைட்டுக்குச் சமம். வெடித்த பிறகும் கதிர்வீச்சு உயிர் குடிக்கும். இதற்கெதிராகத் தற்காப்பு எதுவும் இல்லை. எதிரியிடம் இது இருந்தால் நம்மிடமும் இருப்பது ஒன்றே அவன் கையைத் தடுக்கும். பின்னாளில் அரை நூற்றாண்டுக் காலம் வல்லரசுகள் பேசிய வாதம் இந்தச் சில தாள்களிலேயே இருக்கிறது.

இன்னொரு கருத்தையும் அவர்கள் எழுதினார்கள். கதிரியக்கப் பொருள் காற்றில் பரவுவதால், பெருந்தொகையான பொதுமக்களைக் கொல்லாமல் இந்தக் குண்டைப் பயன்படுத்த இயலாது. அந்தக் காரணத்தாலேயே இது பிரிட்டன் பயன்படுத்தத் தகாத ஆயுதமாக இருக்கலாம் என்றார்கள். கடற்படைத் தளத்துக்கு அருகே கடலுக்கடியில் வெடிக்கச் செய்தால் என்ன என்று யோசித்து, அங்கும் வெள்ளத்தாலும் கதிர்வீச்சாலும் மக்கள் மாண்டு போவார்கள் என்று தாமே பதிலும் சொன்னார்கள். அணுகுண்டு செய்ய முடியும் என்று முதன்முதலில் காட்டிய ஆவணத்திலேயே அதைப் போடலாமா என்ற கேள்வியும் இடம்பெற்றது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி எங்கே போயிற்று என்று தேடத்தான் இந்த அத்தியாயம்.

பர்லிங்டன் ஹவுஸ் கூட்டம்

ஒலிஃபன்ட் குறிப்பை ஹென்றி டிஸார்டிடம் அனுப்பினார். வான்போர் பற்றிய அறிவியல் ஆய்வுக் குழுவின் தலைவர் அவர். பிரிட்டனுக்கு ராடார் கிடைக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர். யுரேனியத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் தள்ளிவிடாமல், சிறிய குழு ஒன்றை ஜி.பி. தாம்சன் தலைமையில் அமைத்தார். எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனின் மகன், 1937இல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கும் நம்பிக்கை குறைவுதான். யுரேனிய ஆக்ஸைடை வைத்துச் சோதனை செய்து பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்.

1940 ஏப்ரல் 10 அன்று லண்டன் பர்லிங்டன் ஹவுஸில், ராயல் சொசைட்டியின் அறையில் குழு முதன்முறையாகக் கூடியது. நியூட்ரானைக் கண்டறிந்த ஜேம்ஸ் சாட்விக், ஜான் காக்ராஃப்ட், ஒலிஃபன்ட், ஃபிலிப் மூன் ஆகியோர் உறுப்பினர்களானார்கள். முதல் நாள்தான் ஜெர்மன் படைகள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் நுழைந்திருந்தன. அணுப்பிளவு ஆய்வுக்குத் தேவையான கனநீரின் நார்வே இருப்பு முழுவதையும், சுமார் 185 கிலோவை, ஜெர்மானியர் கைக்குப் போகாமல் பிரான்ஸுக்குக் கடத்தி வந்த ழாக் அல்யே அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஜெர்மானியர்களும் அந்தக் கனநீரைக் கேட்டார்கள் என்று அவர் சொன்னபோது, போட்டி ஒன்று தொடங்கிவிட்டது என்ற எண்ணம் வலுப்பட்டது.

குழுவுக்கு விரைவில் மாட் குழு என்று பெயர் வந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த நீல்ஸ் போரின் நலம் குறித்து லீஸ் மைட்னர் அனுப்பிய தந்தியின் முடிவில், காக்ராஃப்டுக்கும் கென்ட்டில் உள்ள மாட் ரே என்பவருக்கும் தெரிவிக்கும்படி இருந்தது. மாட் ரே யாரென்று லண்டனில் யாருக்கும் தெரியவில்லை. எழுத்துகளை மாற்றிப் போட்டு, ரேடியம் பற்றிய ரகசியச் செய்தி என்றுகூடச் சிலர் ஊகித்தார்கள். போரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெயர் குழுவுக்கு நிலைத்துவிட்டது.

யாருடைய கணக்கை ஆராயக் குழு கூடியதோ, அவர்களுக்கே அதில் இடம் தரப்படவில்லை. ஃப்ரிஷ்ஷும் பையர்ல்ஸும் எதிரி நாட்டில் பிறந்தவர்கள். ஆகவே தங்கள் குறிப்பின் கதி என்ன என்று தெரிந்துகொள்ளவும் உரிமையில்லை என்று முதலில் முடிவானது. பையர்ல்ஸ் தாம்சனுக்குக் கடிதம் எழுதினார். இது பற்றி எங்களைவிட அதிகம் யோசித்தவர்கள் இல்லை, எங்களை விலக்கி வைத்தால் உங்களுக்குத்தான் இழப்பு என்ற நியாயம் எடுபட்டது. பின்னர் தொழில்நுட்பத் துணைக்குழு அமைத்து அதில் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மேல் குழுவில் கடைசிவரை இடமில்லை.

வடிகட்டியும் தூக்க மாத்திரையும்

மாட் குழு கூட்டம் கூடிக் கலைந்த குழு அல்ல. லிவர்பூல், பர்மிங்ஹாம், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு என்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, வந்த முடிவுகளை மாதந்தோறும் எடைபோட்டது. உறுப்பினர்களே ஆய்வாளர்கள் என்பது அதன் பெரிய பலம்.

ஐசோடோப்புகளைப் பிரிக்கும் வழி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தது. அங்கே இருந்த ஃபிரான்ஸ் சைமனும் ஜெர்மனியிலிருந்து வந்த அகதியே. யுரேனியத்தை ஃப்ளூரினோடு சேர்த்து வாயுவாக்கி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட தடுப்பின் வழியே செலுத்தினால், எடை குறைந்த 235 கொஞ்சம் வேகமாகக் கடந்து போகும். ஒருமுறை செலுத்தினால் கிடைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான முறை செலுத்த வேண்டும். அவ்வளவு நுண்ணிய துளைகளுக்கு எங்கே போவது? ஒரு காலையில் சைமன் வீட்டுச் சமையலறையிலிருந்து உலோக வடிகட்டி ஒன்றை எடுத்து வந்து, இதைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள் என்றார். தட்டத் தட்டக் கம்பிகள் நசுங்கித் துளைகள் சுருங்கின. யுரேனிய வாயுவுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் கலந்த கலவையைச் செலுத்திச் சோதித்தார்கள். சோடாத் தண்ணீரில் இருப்பவைதான் இரண்டும். கலவை பிரிந்தது. 1940 டிசம்பரில் முழுத் தொழிற்சாலை ஒன்றின் பரப்பு, மின்தேவை, செலவு வரை கணக்கிட்டு சைமன் அறிக்கை கொடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எழுந்த பிரம்மாண்டமான வாயு விரவல் ஆலைக்குப் பின்னுள்ள தத்துவம் இதுதான்.

லிவர்பூலில் சாட்விக் குண்டுவீச்சுக்கு நடுவே வேலை பார்த்தார். ஃப்ரிஷ்ஷும் அங்கே போய்ச் சேர்ந்தார். போலந்திலிருந்து வந்த ஜோசஃப் ராட்பிளாட் என்ற இளைஞரும் இருந்தார். மனைவியைப் போலந்திலேயே விட்டுவிட்டு வர நேர்ந்தவர். அணுக்கருவின் குறுக்குப் பரப்பை அளந்து, தொடர்வினைக்கு வேண்டிய மாறுநிலை நிறையின் கணக்கைத் திருத்துவது அவர்கள் பணி. 1941 வசந்தத்தில் சாட்விக்குக்குத் தெளிவாகிவிட்டது. அணுகுண்டு சாத்தியம் என்பதையும் தாண்டி, தவிர்க்க முடியாதது. இன்று இல்லாவிட்டாலும் நாளை, இந்த நாடு இல்லாவிட்டால் இன்னொரு நாடு செய்தே தீரும். பேசுவதற்கு யாருமில்லாமல் அந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில்தான் தூக்க மாத்திரை போடத் தொடங்கினேன்; அன்றிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு இரவும் விட்டதில்லை என்று 1969இல் ஒரு நேர்காணலில் அவர் சொன்னார். குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளில் இதெல்லாம் ஏறாது. ஆனால் அந்தக் குழுவின் வரலாற்றில் இதற்கு இடம் கொடுக்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1941 ஜூலை அறிக்கை

1941 ஜூலை 15 அன்று குழு தன் அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்துத் தன் வேலையை முடித்துக்கொண்டது. நம்பிக்கையைவிட ஐயத்தோடுதான் இந்த வேலையைத் தொடங்கினோம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு எண்களை அடுக்கினார்கள். சுமார் 11 கிலோ யுரேனியம்-235 கொண்ட குண்டு 1,800 டன் டிஎன்டிக்கு ஈடாகும். நாளொன்றுக்கு ஒரு கிலோ பிரித்தெடுக்கும் ஆலைக்கு 50 லட்சம் பவுண்டு ஆகும். அதைக் கொண்டு மாதம் மூன்று குண்டுகள் செய்யலாம். 1943 இறுதிக்குள் முதல் குண்டுக்கான பொருள் தயாராகிவிடலாம். இதற்கு உச்ச முன்னுரிமை தர வேண்டும். அமெரிக்காவோடு ஒத்துழைப்பைப் பெருக்க வேண்டும்.

மாறுபட்ட குரல் ஒன்று எழுந்தது. பிறகு குழுவில் சேர்ந்த பேட்ரிக் பிளாக்கெட், இந்தக் கால அளவு நடக்கிற காரியமில்லை; போர்க்காலப் பிரிட்டனால் இதைத் தனியே செய்ய இயலாது; அமெரிக்கர்களோடு பேச வேண்டும் என்றார். பிந்தைய நிகழ்ச்சிகள் அவர் சொன்னதே சரி என்று காட்டின. அமெரிக்கா இதில் இறங்கியபோது ஆன செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர்.

ஆனால் பிளாக்கெட்டின் மறுப்பும் காலத்தையும் இடத்தையும் பற்றியதுதான். பர்மிங்ஹாம் குறிப்பில் எழுந்த அந்த இன்னொரு கேள்வி அறிக்கையில் எங்கே? பொதுமக்கள் பெருந்தொகையில் மாள்வார்கள் என்பதை ஃப்ரிஷ்ஷும் பையர்ல்ஸும் தயக்கத்துக்கான காரணமாக எழுதினார்கள். அறிக்கையோ, பொருளழிவோடு மக்களின் மனத்திடத்தைக் குலைக்கும் விளைவும் மிகப் பெரிதாக இருக்கும் என்பதைக் குண்டு செய்வதற்கான காரணமாக எழுதியது. பதினாறு மாதங்களில் ஒரே உண்மை தராசின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டது. அந்த மாதங்களில் லண்டனும் கோவென்ட்ரியும் எரிந்தன என்பதை மறக்கக்கூடாது. ஆனால் மாற்றம் யாரும் வாதிட்டு வென்றதால் வரவில்லை. குழுவிடம் கேட்கப்பட்ட கேள்வி, இந்தப் போருக்குள் செய்ய முடியுமா என்பது மட்டுமே. அதற்கு அவர்கள் நேர்மையாகவும் திறமையாகவும் விடை சொன்னார்கள். கேட்கப்படாததற்கு விடை சொல்லவில்லை.

போர் அதற்கு முன் முடிந்துவிட்டாலும் முயற்சி வீணாகாது என்றும் அறிக்கை சொன்னது. முழு ஆயுதக்களைவு என்ற நடவாத காரியம் நடந்தாலன்றி, இத்தகைய ஆயுதம் இல்லாமல் இருக்க எந்த நாடும் துணியாது என்பது அதன் வாதம். ஹிட்லருக்கு அஞ்சித் தொடங்கிய வேலைக்கு, ஹிட்லர் இல்லாவிட்டாலும் தொடரும் நியாயம் இப்படி ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது.

சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு ஆகஸ்ட் 27 அன்று இதைப் பிரதமருக்கு எடுத்துச் சொன்னார். இருக்கிற வெடிமருந்தே எனக்குப் போதும், ஆனால் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற பொருளில் சர்ச்சில் மூன்று நாளில் படைத்தலைவர்களுக்குக் குறிப்பு எழுதினார். செப்டம்பர் 3 அன்று அவர்கள் இசைந்தார்கள். வேலை ட்யூப் அலாய்ஸ் என்ற மறைபெயரில் சர் ஜான் ஆண்டர்சன் பொறுப்புக்குப் போனது. ஹாங்கி பிரபுவின் ஆலோசனைக் குழுவும் அறிக்கையைப் பரிசீலித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே தெரியாத இந்தச் செய்தி அந்த இலையுதிர்காலத்திலேயே மாஸ்கோவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

வாஷிங்டன் பெட்டகம்

மாட் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் தொடர்ந்து வாஷிங்டனுக்கு, பிரிக்ஸின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தன. பதில் எதுவும் இல்லை. 1940 ஜூனில் வானெவர் புஷ் தலைமையில் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழு உருவாகி, யுரேனியக் குழு அதன் கீழ் வந்திருந்தது. அப்போது வெளிநாட்டில் பிறந்தவர்களை உறுப்பினர்களாக வைக்கக்கூடாது என்றும் முடிவானது. எனவே அங்கும் முதலில் ஓடிவந்து எச்சரித்தவர்கள் வெளியே நின்றார்கள்.

1941 ஆகஸ்ட் இறுதியில் ஒலிஃபன்ட் சூடேற்றும் வசதியில்லாத குண்டுவீச்சு விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தார். வெளியே சொன்ன காரணம் ராடார். அதோடு, குறிப்புகளுக்கு ஏன் பதிலில்லை என்று விசாரிக்கும் வேலையும் இருந்தது. பிரிக்ஸைப் போய்ப் பார்த்தார். அறிக்கைகள் பத்திரமாக அவருடைய பெட்டகத்தில் இருந்தன. குழு உறுப்பினர்களிடம்கூட அவர் காட்டவில்லை. ஒலிஃபன்ட் திகைத்துப் போனார். அந்த வேதனையைப் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியும் வைத்தார். பிரிக்ஸின் கணக்கில் அது கடமை. ரகசியம் என்று முத்திரையிட்டு வந்ததை ரகசியமாக வைத்திருந்தார். படிக்க வேண்டியவர்களிடமிருந்தும் மறைத்துவிட்டோம் என்பது அவருக்குப் புலப்படவில்லை.

ஒலிஃபன்ட் யுரேனியக் குழுவின் கூட்டத்துக்கே போனார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சாமுவேல் அலிஸன், குழுவின் வேலை நீர்மூழ்கிகளுக்கு ஆற்றல் தேடுவது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒலிஃபன்ட் வந்து குண்டு என்று உடைத்துச் சொன்னார். வேறெதிலும் கவனம் செலுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. இரண்டரைக் கோடி டாலர் ஆகும். பிரிட்டனிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார். பிறகு கலிஃபோர்னியாவுக்குப் போய் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸைச் சந்தித்தார். பெர்க்லியில் பேசிக்கொண்டிருந்தபோது உடனிருந்த ஒருவருக்கும் எல்லாம் தெரியும் என்று எண்ணித் தயங்காமல் பேசினார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர்.

லாரன்ஸ் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் இறுதியில் சிகாகோவில் இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டனின் வீட்டில் காம்ப்டனையும், புஷ்ஷோடு பணியாற்றிய ஜேம்ஸ் கோனன்ட்டையும் சந்தித்து வற்புறுத்தினார். கோனன்ட் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் வாழ்நாளின் அடுத்த சில ஆண்டுகளை இதற்குத் தரத் தயாரா? லாரன்ஸ் சற்றுத் திகைத்து, பிறகு இசைந்தார்.

பெட்டகம் ஒன்றுதான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வது கதைக்கு அழகு. வரலாறு அதைவிடச் சிக்கலானது. மாட் குழுவின் ஜூலைக் கூட்டத்தில் கலந்துகொண்ட அமெரிக்கர் சார்ல்ஸ் லாரிட்ஸன் வழியாகப் புஷ்ஷுக்கு அறிக்கையின் சாரம் முன்பே தெரியும். தேசிய அறிவியல் கழகத்தைக் கொண்டு அவர் தனியாக மதிப்பீடும் செய்துகொண்டிருந்தார். ஆனால் 1941இன் கோடைவரை அமெரிக்க மதிப்பீடுகள் ஆற்றல் உற்பத்தியையே சுற்றின. எத்தனை கிலோ, எத்தனை பவுண்டு, எத்தனை மாதம் என்று குண்டுக்குக் கணக்குக் காட்டியது மாட் அறிக்கைதான். அக்டோபர் 3 அன்று தாம்சன் அதன் பிரதியை முறைப்படி கோனன்ட்டிடம் கொடுத்தார்.

ஆறு பேர்

1941 அக்டோபர் 9. புஷ் வெள்ளை மாளிகைக்குப் போய் ரூஸ்வெல்ட்டையும் துணைத்தலைவர் ஹென்றி வாலஸையும் சந்தித்தார். பிரிட்டிஷ் முடிவுகளை விளக்கினார். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. பேர்ல் ஹார்பருக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆய்வை முழுவீச்சில் முடுக்கிவிட ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சர்ச்சிலுக்கு எழுதி ஒத்துழைக்க அழைத்தார். லண்டன் உற்சாகமில்லாமல் பதில் சொன்னது. தாங்களே முன்னணியில் இருப்பதாக அப்போது அவர்களுக்கு எண்ணம். அடுத்த கோடைக்குள் நிலைமை தலைகீழாகி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தச் சந்திப்பில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. இந்த ஆயுதம் குறித்த கொள்கை விவாதம் எல்லாம் ஆறு பேருக்குள் இருக்க வேண்டும்: ரூஸ்வெல்ட், வாலஸ், போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், படைத்தலைவர் மார்ஷல், புஷ், கோனன்ட். விஞ்ஞானிகள் செய்ய முடியுமா என்பதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். செய்யலாமா, போடலாமா என்பது அவர்கள் மேசைக்கு வராது. 1942 ஜனவரி 19 அன்று ரூஸ்வெல்ட் புஷ்ஷின் அறிக்கையைத் திருப்பி அனுப்பியபோது தன் கையால் எழுதிய குறிப்பு மிகச் சிறியது: சரி, இதை நீங்கள் உங்கள் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஆலோசனைக் குழு என்பது அறிவை அதிகாரத்தின் காதில் போடுவதற்காக ஏற்படுத்தியது. பிரிக்ஸின் குழுவில் அறிவு வெளியே நின்றது, குழு உறங்கியது. மாட் குழுவில் அறிவே குழுவாக அமர்ந்தது, வேலை விரைந்தது. நிர்வாகத்துக்கு இதில் பாடம் உண்டு, நிர்வாக நூல்கள் அதைச் சொல்லியும் வருகின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. உறங்கிய குழு, விழித்த குழு இரண்டிலுமே ஃப்ரிஷ், பையர்ல்ஸ் எழுதிய அந்த ஒரு வரிக்கு நாற்காலி கிடைக்கவில்லை. யாரும் அதை மறுக்கவில்லை. எந்தக் குழுவின் ஆய்வு வரம்பிலும் அது அடங்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் தனக்கு இட்ட பணியைச் செய்து அடுத்த குழுவிடம் ஒப்படைத்தது. கடைசியில் அந்தக் கேள்வி எழுந்தபோது குண்டு தயாராகியிருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க இயலாத காலம் அது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1940இல் இரண்டு அகதிகள் அதைத் தட்டச்சில் எழுதினார்கள். 1944 இறுதியில், ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும், சாட்விக்கின் லிவர்பூல் குழுவிலிருந்து அமெரிக்காவுக்குப் போயிருந்த ராட்பிளாட் லாஸ் அலமோஸை விட்டு வெளியேறினார். தன்னை அங்கே கொண்டுவந்த காரணம் தீர்ந்துவிட்டது என்று உணர்ந்ததும் அதற்கேற்ப நடந்துகொண்டவர் அவர். குழுக்களுக்கு ஆய்வு வரம்பு உண்டு. தனிமனிதருக்கு அப்படியொரு வரம்பை யாரும் விதித்துவிட முடியாது. இன்றும் அரசுகள் புதிய புதிய தொழில்நுட்பங்களை ஆராயக் குழுக்கள் அமைக்கின்றன. அவற்றின் அறிக்கை வெளிவரும்போது, என்ன விடை சொன்னார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்று பார்க்கிற பழக்கம் குடிமக்களாகிய நமக்கு வர வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில், விஞ்ஞானிகளின் கையிலிருந்து இந்த வேலை ராணுவத்தின் கைக்குப் போகிறது. 1942 செப்டம்பரில் பொறுப்பேற்கும் லெஸ்லி குரோவ்ஸ் என்ற பொறியியல் அதிகாரியைச் சந்திப்போம்.

(தொடரும்)